வட்டின் வாயிலில் ஒரு வரிசை

காத்திருப்போர் வரிசை நமக்குப் புதியதன்று. பங்கீட்டுக் கடையின் வாயிலிலும், ரயில் நிலையத்துச் சீட்டு ஜன்னலின் முன்னும் நாம் அதனை நாள்தோறும் காண்கிறோம். கணிப்பொறியின் உள்ளேயும் இத்தகைய வரிசைகள் பல உண்டு என்பதும், அவற்றுள் ஒன்றைப் பற்றி அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அறிஞர்கள் ஆராய்ந்து வந்திருக்கிறார்கள் என்பதும் பலர் அறியாத செய்தியாகும். செய்திகளைச் சேமித்து வைக்கும் காந்த வட்டின் முன் நிற்கும் கட்டளைகளின் வரிசையே அது. அவ்வரிசை எவ்வளவு நீண்டிருக்கலாம்? முறைவரிசையை மாற்றும் உரிமை யாரிடம் இருத்தல் வேண்டும்? இவ்விரு வினாக்களின் வரலாற்றையே இங்கு ஆராயப் புகுகிறோம்.

முதற்கண், இதில் பங்குகொள்வோர் யாவர் என்பதைத் தெளிவாக்கிக் கொள்வோம். ஒரு நிரல், வட்டிலிருந்து ஏதேனும் ஒரு செய்தியை வேண்டும்போது, அது நேரே வட்டினிடம் செல்வதில்லை. கணிப்பொறியின் இயங்குதளம் அவ்வேண்டுகோளைப் பெற்று, 'டிரைவர்' என வழங்கும் இயக்கி நிரலிடம் ஒப்படைக்கிறது. இயக்கி அதனைக் கட்டளையாக வடித்து, 'கன்ட்ரோலர்' எனும் கட்டுப்பாட்டுப் பொறியின் வழியே வட்டிற்கு அனுப்புகிறது. விடை வந்துசேராத நிலையில், ஒரே சமயத்தில் எத்தனை கட்டளைகள் வட்டின் கையில் இருக்கலாமோ, அந்த எண்ணிக்கையையே 'வரிசையின் ஆழம்' என்கிறோம். ஆழம் ஒன்று எனில், ஒரு வேலை முடிந்த பின்னரே மறுவேலை. ஆழம் முப்பத்திரண்டு எனில், முப்பத்திரண்டு வேலைகளை ஒருங்கே பெற்றுக்கொண்டு, எதை முன்னர்ச் செய்வது என வட்டே முடிவு செய்யலாம்.

வரலாறு 1956 ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அமெரிக்க நாட்டின் சான் ஹோசே நகரில், ரெனால்டு ஜான்சன் என்பாரின் தலைமையில் இயங்கிய ஐ.பி.எம். ஆய்வுக்கூடம், 'ராமாக்' என்ற கணிப்பொறியோடு இணைந்த முதல் வணிக வட்டுச் சாதனத்தை அவ்வாண்டில் அளித்தது. இருபத்து நான்கு அங்குல விட்டமுள்ள 50 தகடுகள் ஒரே அச்சில் அடுக்கப்பட்டு, நிமிடத்திற்கு 1,200 முறை சுழன்றன. அத்தனை தகடுகளிலும் அடங்கிய எழுத்துகள் 50 லட்சம். படிக்கும் முனையைத் தாங்கிய கை மேலும் கீழும் சென்று உரிய தகட்டை அடைந்து, பின்னர் உள்ளே புகுந்து உரிய தடத்தைத் தேடியது. ஒரு செய்தியை எட்டுவதற்குச் சராசரியாக அறுநூறு மில்லி நொடிகள் ஆயின. ஒரு மில்லி நொடி என்பது ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அறுநூறு மில்லி நொடிகள் மனிதனுக்குச் சிறு பொழுது, கணிப்பொறிக்கோ நெடுங்காலம்.

இந்த நெடுங்காலம் எதனால் ஏற்படுகிறது என்பதைக் கவனித்தல் வேண்டும். கை நகர்வதற்கு ஒரு நேரம். தடத்தை அடைந்த பின், வேண்டிய பகுதி சுழன்று முனையின் கீழ் வரும் வரை மற்றொரு நேரம். இவை இரண்டும் பொறியியலின் கட்டுப்பாடுகள். எளிதில் குறைக்க இயலாதவை. ஆயின், பல வேண்டுகோள்கள் காத்திருக்கும்போது, அவற்றைத் தக்க முறையில் அடுக்கினால் கை வீணே அலைவதைத் தவிர்க்கலாம் அல்லவா? ஊரின் ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் மாறி மாறி நடக்கும் தபால்காரரைவிட, தெருவரிசைப்படி கடிதங்களை அடுக்கிக்கொண்டு புறப்படும் தபால்காரர் விரைவில் வீடு திரும்புவார். வரிசை நீளமாக இருக்குமளவுக்கு அடுக்குவதற்கான வாய்ப்பும் பெருகும்.

இவ்விஷயத்தை முறையாக ஆராய்ந்தவர்களுள் பீட்டர் டென்னிங் முன்னணியில் நிற்கிறார். 1967 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஆய்வுரை, வட்டிற்கான வேண்டுகோள்களை எவ்வாறு அடுக்குவது என்பதை ஒப்பிட்டு நோக்கிற்று. வந்த முறைப்படியே செய்வது ஒரு வழி. முனை இருக்கும் இடத்திற்கு மிக அருகிலுள்ளதை முதலில் செய்வது மற்றொரு வழி. இரண்டாவது வழி கையின் அலைச்சலை வெகுவாகக் குறைக்கும். எனினும் அதில் ஓர் அநீதி உண்டு. நடுப்பகுதியிலேயே வேண்டுகோள்கள் குவிந்துகொண்டிருந்தால், விளிம்பில் நிற்பவன் நெடுநேரம் கவனிப்பாரற்றுக் கிடப்பான். இதற்கு மாற்றாக, பல மாடிக் கட்டடத்தில் மின்தூக்கி ஏறும்போதே வழியிலுள்ளோரை ஏற்றி, உச்சியை அடைந்து, பின் இறங்கும்போதும் அவ்வாறே செய்வதுபோல், முனை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பெருக்கிச் செல்லும் முறையும் ஆராயப்பட்டது. இன்றளவும் லினக்ஸ் இயங்குதளத்தில் இவ்வேலைக்குரிய நிரல் கோப்பு மின்தூக்கியின் பெயரையே தாங்கி நிற்கிறது.

இதற்கு ஆறு ஆண்டுகள் முன்னரே, அதாவது 1961 இல், ஜான் லிட்டில் என்ற அறிஞர் வரிசைகளைப் பற்றிய ஓர் எளிய விதிக்குத் தக்க நிரூபணம் தந்திருந்தார். ஓர் அமைப்பினுள் சராசரியாக எத்தனை பேர் இருக்கின்றனரோ, அவ்வெண், நொடிக்கு வருவோரின் எண்ணிக்கையையும் ஒருவர் உள்ளே தங்கும் நேரத்தையும் பெருக்கிய தொகைக்குச் சமம் என்பதே அவ்விதி. கேட்பதற்கு வெகு சாதாரணமாகத் தோன்றும் இவ்விதியை யாரும் மீற இயலாது. வேலை முடியும் வேகம் உயராமல் வரிசையின் ஆழம் மட்டும் கூடினால், கூடியது முழுவதும் காத்திருப்பாகவே மாறும். வட்டின் வரலாறு முழுவதிலும் இவ்விதி பின்னின்று ஆட்சி செய்வதை நாம் காணப் போகிறோம்.

தொடக்க காலத்தில் அடுக்கும் பொறுப்பு முழுவதும் கணிப்பொறியிடமே இருந்தது. எந்தச் செய்தி எந்தத் தகட்டில், எந்தத் தடத்தில் உள்ளது என்பது இயங்குதளத்திற்குத் தெரிந்திருந்தது. ஆனால் காலப்போக்கில் வட்டுகள் தம் உள்ளமைப்பைத் திரையிட்டு மறைக்கத் தொடங்கின. வெளித்தடங்களில் மிகுதியாகவும் உள்தடங்களில் குறைவாகவும் எழுதும் முறை வந்தது. பழுதடைந்த பகுதிகளுக்கு மாற்றிடம் அளிக்கும் வழக்கம் வந்தது. 1986 ஆம் ஆண்டில் அமெரிக்கத் தர நிர்ணயமாக ஏற்கப்பட்ட 'ஸ்கஸி' என்னும் இணைப்பு முறை, வட்டினைப் பூச்சியத்திலிருந்து எண்ணிடப்பட்ட துண்டுகளின் நீண்ட தொடராகவே கணிப்பொறிக்குக் காட்டியது. முனை எங்கு நிற்கிறது, தகடு எவ்வளவு சுழன்றிருக்கிறது என்ற நுட்பங்கள் வட்டுக்கு மட்டுமே தெரிந்த இரகசியங்களாயின.

அதே காலத்தில், கையின் நகர்வை மட்டுமன்றிச் சுழற்சியையும் கணக்கில் கொண்டு அடுக்கினால் பெரும் பயன் விளையும் என்பதை 1990 இல் செல்ட்சர், சென், ஔஸ்டர்ஹவுட் ஆகிய மூவரும், 1991 இல் ஜேக்கப்சன், வில்க்ஸ் ஆகிய இருவரும் எடுத்துக்காட்டினர். ஆனால் சுழற்சியின் நிலை வட்டுக்கன்றோ தெரியும்? எனவே, பல கட்டளைகளை ஒருங்கே வட்டிடம் ஒப்படைத்து, முறையை அதுவே தீர்மானிக்கும்படி விடுவதே வழி என்றாயிற்று. 1994 இல் தரமாக ஏற்கப்பட்ட இரண்டாம் ஸ்கஸி முறை இதற்கு இடமளித்தது. மருத்துவமனையில் நோயாளிக்கு டோக்கன் தருவதுபோல், ஒவ்வொரு கட்டளைக்கும் ஓர் எண்சீட்டு வழங்கப்பட்டது. அச்சீட்டுகள் மூவகையின: விரும்பிய முறையில் செய்யத்தக்கவை ஒருவகை, முன்னவை யாவும் முடிந்த பின்னரே தொடத்தக்கவை இரண்டாம் வகை, எல்லோரையும் முந்திக்கொண்டு தலைமுனையில் நிற்கத்தக்கவை மூன்றாம் வகை. இடமில்லாதபோது 'வரிசை நிறைந்துவிட்டது' என வட்டு மறுமொழி கூறவும் வகை செய்யப்பட்டிருந்தது.

இங்கேதான் இயக்கி நிரலை எழுதுவோரின் சிக்கல் தொடங்குகிறது. வட்டு எத்தனை கட்டளைகளைத் தாங்கும் என்பது வட்டுக்கு வட்டு வேறுபடும். மிகுதியாக அனுப்பினால் மறுப்பு வரும். மறுத்ததை மீண்டும் அனுப்புதல் வீண் செலவு. குறைவாக அனுப்பினாலோ அடுக்கும் வாய்ப்பு குன்றும். ஆதலின் நல்ல இயக்கிகள், மறுப்பு வரும்போதெல்லாம் ஆழத்தைக் குறைத்துக்கொண்டு, வட்டின் கொள்ளளவைத் தாமே கண்டறியும் வண்ணம் அமைக்கப்பட்டன. அடாப்டெக் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பொறிகளுக்காக லினக்ஸில் அமைந்த இயக்கி இதற்குச் சிறந்த உதாரணம். அதில் ஒரு வட்டிற்கு அனுப்பத்தக்க கட்டளைகளின் உச்ச வரம்பு 253. எனினும் இயல்பாக வைக்கப்பட்ட எண் 32 மட்டுமே. பல வட்டுகள் இணைந்திருக்கும்போது, காத்திருக்கும் கட்டளைகளுக்காக ஒதுக்க வேண்டிய நினைவகம் போதாமற் போகக்கூடும் என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம்.

நினைவகக் குறை ஒருபுறம் இருக்க, ஆழம் மிகுவதால் விளையும் பயன் எத்தன்மையது என்பதை ஒரு சிறு கணக்கினால் விளக்குவோம். நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் வட்டில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ எட்டேகால் மில்லி நொடி ஆகும். சராசரிச் சுழற்சிக் காத்திருப்பு அதில் பாதி. கை நகர எட்டு மில்லி நொடி எனக் கொண்டால், மொத்தம் பன்னிரண்டு மில்லி நொடி. அதாவது நொடிக்கு எண்பது வேலைகள். ஆழம் 32 ஆகும்போது, நல்ல அடுக்கலால் வேகம் இருமடங்காகி நொடிக்கு 160 ஆயிற்று என்று வைத்துக்கொள்வோம். லிட்டில் விதிப்படி ஒவ்வொரு கட்டளையும் தங்கும் நேரம் ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. இனி ஆழத்தை 253 ஆக உயர்த்துவோம். வேகம் மேலும் சிறிது கூடி 200 ஆயிற்று எனினும், ஒவ்வொன்றும் தங்கும் நேரம் ஒன்றேகால் நொடிக்கு மேலாகிவிடுகிறது. இவை விளக்கத்திற்காக நாம் கொண்ட எண்களே. ஆயினும் உண்மை வட்டுகளின் போக்கும் இத்தகையதே. முதலில் சிறிது ஆழம் பெரும் பயன் தருகிறது. பின்னர் வரும் ஆழம் சிறு பயனுக்குப் பெரும் காத்திருப்பை விலையாகக் கேட்கிறது.

ஈண்டு ஓர் ஐயம் எழலாம். வட்டின் வரிசையைக் குறுக்கினால், மிஞ்சிய வேண்டுகோள்கள் கணிப்பொறியினுள் காத்திருக்கப் போகின்றன. காத்திருப்பு எப்படியும் காத்திருப்புத்தானே? இவ்வையம் பாதி சரியானதே. காத்திருக்கும் இடம் மட்டும் மாறுகிறது என்பது உண்மை. ஆனால், தபால் பெட்டியில் இட்ட கடிதத்தைத் திரும்பப் பெற முடியாததுபோல், வட்டிடம் சென்றுவிட்ட கட்டளையை இயங்குதளம் இயல்பாக முறைமாற்ற இயலாது. எந்தக் கட்டளைக்காக ஒரு மனிதர் திரையின் முன் அமர்ந்திருக்கிறார், எது பின்னணியில் மெல்ல முடிந்தால் போதும் என்பது இயங்குதளத்திற்கு ஓரளவு தெரியும், வட்டுக்குத் தெரியாது. ஆகவே வரிசையின் ஆழம் என்பது நீளத்தைப் பற்றிய வினா மட்டுமன்று. தேர்வுரிமை யாரிடம் இருக்கிறது என்பதைப் பற்றிய வினாவும் ஆகும்.

இதன் விளைவைப் பெரிய கோப்பு ஒன்றைப் பிரதி எடுக்கும் கணிப்பொறியில் காணலாம். எழுதும் கட்டளைகள் நூற்றுக்கணக்கில் வட்டின் வரிசையை நிரப்பி நிற்கும். எழுதுபவனுக்கு அவசரமில்லை, அவன் செய்தியை நினைவகத்தில் ஒப்படைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். படிப்பவனோ விடை வரும்வரை ஓரடியும் நகர இயலாது. ஒரு துண்டைப் படித்த பின்னரே அடுத்த துண்டு எது என்பது அவனுக்குத் தெரியும். இங்ஙனம் ஒவ்வொரு முறையும் நீண்ட வரிசையின் கடைசியில் நின்றால், பத்துத் துண்டுகளைப் படிப்பதற்குப் பத்து முறை முழு வரிசையும் கடக்க வேண்டும். மொத்த வேலையின் அளவு உயர்ந்தே இருக்கும். எதிரில் அமர்ந்திருப்பவருக்கோ பொறி உறைந்துவிட்டதாகத் தோன்றும்.

2001 ஆம் ஆண்டில் ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஐயரும் ட்ருஷெலும் வியப்பூட்டும் ஒரு கருத்தை வெளியிட்டனர். ஒரு நிரல் தன் படிப்பை முடித்தவுடன் உடனே வேறொருவருடைய வேலைக்குக் கையை நகர்த்தாமல், மிகச் சிறிது நேரம் சும்மா இருந்தால், அதே நிரலின் அடுத்த வேண்டுகோள் அருகிலேயே வரக்கூடும். சும்மா இருந்ததே இலாபமாகும் என்பது அக்கருத்து. 2003 ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த லினக்ஸ் 2.6 இல் இம்முறை இடம்பெற்றது. ஆழமான வரிசை எதனைச் சாதிக்கக் கருதியதோ, அதனை ஆழமின்மையும் பொறுமையும் சில வேளைகளில் சாதிக்கக் கூடும் என்பதை இது உணர்த்திற்று.

முறைமாற்றத்தில் மற்றோர் ஆபத்தும் உண்டு. கோப்புகளின் பதிவேட்டில் 'இவ்வரவு முடிந்தது' என்ற குறிப்பு எழுதப்படுமுன், வரவின் விவரம் வட்டில் பதிந்திருத்தல் வேண்டும். முறையை மாற்றி, குறிப்பு முதலிலும் விவரம் பின்னரும் எழுதப்பட்டு, இடையில் மின்சாரம் தடைப்பட்டால், பொய்யான பதிவேடு மிஞ்சும். வங்கிக் கணக்கு ஒன்றில் இது நேர்ந்தால் விளைவு யாதென்பதை விளக்க வேண்டுவதில்லை. இதற்காக லினக்ஸ் சில காலம் வரிசைக்குள்ளேயே தடுப்புச் சுவர்களை எழுப்பி முறையைக் காத்தது. 2011 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிவந்த 2.6.37 பதிப்பு அவற்றை நீக்கி, முந்தியவை முடியும்வரை கோப்பு முறையே காத்திருந்து, பின்னர் வட்டின் தற்காலிகச் சேமிப்பை நிலையாகப் பதியச் செய்யும் நேரிய வழியைக் கைக்கொண்டது.

ஸ்கஸி வட்டுகள் பெரிய நிறுவனங்களின் உடைமையாகவே பெரும்பாலும் இருந்தன. வீட்டுக் கணிப்பொறிகளின் 'ஏ.டி.ஏ.' வட்டுகள் நெடுங்காலம் ஒரு நேரத்தில் ஒரு கட்டளையே பெற்றன. 1998 ஆம் ஆண்டின் தரத்தில் வரிசை முறை சேர்க்கப்பட்டும், அதனைக் கையாளும் சிரமத்தால் அது பரவவில்லை. 2004 ஆம் ஆண்டளவில் 'சாட்டா' வட்டுகளோடு 'என்.சி.க்யூ.' என்ற முறை சந்தைக்கு வந்தபோதே சாதாரண மக்களின் வட்டுகளும் 32 கட்டளைகள் வரை தாங்கின. ஒரு பதிவேட்டின் முப்பத்திரண்டு இடங்களில் ஒவ்வொன்றும் ஒரு கட்டளையைக் குறித்தமையால் அவ்வரம்பு. லினக்ஸோ நெடுநாள் 31 ஐயே பயன்படுத்திற்று. தவறு நேரும்போது நிலைமையை விசாரிப்பதற்காக ஓர் இடத்தைத் தன் கையிருப்பாக வைத்துக்கொண்டது. முன்யோசனையுள்ள இல்லத்தார் நெருக்கடிக்கென ஒரு ரூபாயை முடிந்து வைப்பதை இது நினைவூட்டுகிறது.

இதன் பின்னர் வட்டின் உருவமே மாறிற்று. சுழலும் தகடும் நகரும் கையும் இல்லாத மின்னணுச் சேமிப்புகள் பரவின. கை இல்லாதபோது அடுக்குவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இங்கு வரிசையின் பணி வேறு. இச்சாதனத்தினுள் பல சில்லுகள் பல பாதைகளில் இணைந்துள்ளன. 2008 இல் வந்த இன்டெல் எக்ஸ்25-எம் என்பதில் பத்துப் பாதைகள் இருந்தன. ஒரே கட்டளையை அனுப்பினால் ஒரு சில்லு உழைக்க ஏனையவை உறங்கும். எல்லாவற்றுக்கும் ஒருங்கே வேலை தருவதற்கே ஆழம் தேவைப்பட்டது. கணக்கும் எளிதே. ஒரு வேலைக்கு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஆகும் எனவும், சாதனத்தின் உச்ச வேகம் நொடிக்கு இரண்டு லட்சம் எனவும் கொண்டால், இருபது கட்டளைகள் அதனை நிறைத்துவிடும். நாற்பது அனுப்பினால் வேகம் கூடாது. காத்திருப்பு மட்டும் இரட்டிக்கும்.

இத்துணை விரைவான சாதனங்கள் வந்தபின், இடையூறு வட்டிலிருந்து இயக்கிக்கே இடம்பெயர்ந்தது. பல செயலிகள் கொண்ட கணிப்பொறியில் எல்லாக் கட்டளைகளும் ஒரே வரிசையில், ஒரே பூட்டின் வழியே நுழைய வேண்டியிருந்தது. 2011 ஆம் ஆண்டின் மார்ச்சு மாதத்தில் வெளியான 'என்.வி.எம்.இ.' என்ற புதிய இணைப்பு முறை, கோட்பாட்டளவில் 65,535 வரிசைகளுக்கும், ஒவ்வொன்றிலும் 65,536 இடங்கள் வரைக்கும் வழிவிட்டது. 2013 இல் பியோர்லிங், ஆக்ஸ்போ, நெல்லன்ஸ், பொன்னே ஆகிய நால்வர் முன்வைத்த பல வரிசை அமைப்பு, 2014 ஜனவரியில் லினக்ஸின் 3.13 பதிப்பில் இடம்பெற்றது. 2019 இல் 5.0 பதிப்பு வந்தபோது, பழைய ஒற்றை வரிசை முறை முற்றிலும் விடைபெற்றது.

அறுபத்தையாயிரம் இடங்கள் இருக்கின்றன என்பதற்காக அவற்றை நிரப்புதல் வேண்டுமா? லிட்டிலின் விதி மீண்டும் குறுக்கிட்டது. 2017 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிவந்த 4.10 பதிப்பில், பின்னணியில் எழுதும் கட்டளைகளின் ஆழத்தை, படிப்போரின் காத்திருப்பை அளந்து அளந்து குறைக்கும் முறை ஒன்று சேர்க்கப்பட்டது. அதே ஆண்டில் 'கைபர்' என்ற மற்றொரு முறையும் இதே நோக்கத்தோடு வந்தது. ஆழத்தைப் பெருக்குவதற்கு அரும்பாடுபட்ட பொறியியல், அதனை அடக்கி ஆளுவதற்கும் அதே அளவு பாடுபட வேண்டியிருந்தது.

ராமாக்கின் கையிலிருந்து இன்றைய சில்லுகள் வரை பார்க்கும்போது, ஓர் உண்மை புலனாகிறது. வரிசையில் சிறிது கூட்டம் இல்லையேல் பொறியின் ஆற்றல் வீணாகும். பொறியின் ஆற்றல் நிறைந்த பின் சேரும் கூட்டம் காத்திருப்போரின் நேரத்தை வீணாக்கும். இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள எல்லைக்கோடு சாதனத்திற்குச் சாதனம் மாறும். வேலைக்கு வேலையும் மாறும். ஆதலின் எல்லார்க்கும் பொருந்தும் ஒரே எண்ணைத் தேடுவது பயனற்றது. அளந்து பார்த்து, வேலையின் அளவு உயர்வது நிற்குமிடத்தில் ஆழத்தையும் நிறுத்துவதே இவ்வரலாறு தரும் வழி. ஒரு நொடியில் எத்தனை வேலைகள் முடிந்தன என்று கேட்பதோடு, வரிசையின் கடைசியில் நின்றவர் எவ்வளவு நேரம் நின்றார் என்றும் கேட்டறிந்த பின்னரே அவ்வெண்ணை முடிவு செய்தல் வேண்டும்.